முதல் சுற்றில் முந்தியவர் ஏன் தோற்றார்? மேய்ன் இரண்டாம் தொகுதியின் கணக்கு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மேய்ன் மாநிலத்துக்குக் காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் மொத்தமே இரண்டு இடங்கள்தான். மக்கள்தொகை சுமார் 14 லட்சம். அதில் பாதிப் பேர் வாழும் இரண்டாம் தொகுதி மாநில நிலப்பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை வளைத்துக்கொண்டு கிடக்கிறது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இதைவிடப் பரப்பில் பெரிய காங்கிரஸ் தொகுதி இல்லை. லூயிஸ்டன், ஆபர்ன், பேங்கர் என்று சொல்லிக்கொள்ளச் சில ஊர்கள். மற்றபடி காடு, உருளைக்கிழங்கு வயல், மீன்பிடிக் கரை, மூடிப்போன காகித ஆலைகள்.

2018 நவம்பர் 6 அன்று இங்கே நடந்த தேர்தலின் முதல் சுற்றுக் கணக்கு இது. குடியரசுக் கட்சியின் நடப்பு உறுப்பினர் புரூஸ் பொலிக்வின் 1,34,184. ஜனநாயகக் கட்சியின் ஜாரெட் கோல்டன் 1,32,013. சுயேச்சைகள் இருவர்: டிஃபனி பாண்ட் 16,552, வில்லியம் ஹோர் 6,875. பொலிக்வின் 2,171 வாக்குகள் முன்னால் இருந்தார். அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் பெரும்பாலானவற்றில் கதை அன்றிரவே முடிந்திருக்கும். இங்கே ஒன்பது நாள் கழித்து, நவம்பர் 15 அன்று, வென்றவர் கோல்டன் என்று அறிவிப்பு வந்தது. இறுதிக் கணக்கு கோல்டன் 1,42,440, பொலிக்வின் 1,38,931. வித்தியாசம் 3,509.

வேட்பாளர்களை வாக்காளர் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தும் விருப்பு வரிசை வாக்கு முறையில் அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்வான முதல் ஆள் கோல்டன். அந்தத் தொகுதியில் நடப்பு உறுப்பினர் ஒருவர் தோற்றது 1916-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. 'இரண்டாவது வந்தவரை முதலாவது ஆக்கிவிட்டார்கள்' என்ற புகார் அன்று எழுந்தது, இன்றும் ஓயவில்லை. அந்தப் புகாரில் பெரிய சாரம் இல்லை. ஆனால் இந்த முறையை ஆதரிப்பவர்கள் சொல்லும் 'வென்றவருக்குப் பாதிக்கு மேல் ஆதரவு உறுதி' என்ற வாசகமும் அப்படியே நம்பத்தக்கதல்ல. இரண்டையும் அந்த 2,89,624 சீட்டுகளை வைத்தே பார்த்துவிடலாம்.

சீட்டில் என்ன இருக்கிறது

வேட்பாளர் பெயர்கள் மேலிருந்து கீழாக. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம் என்ற பத்திகள் இடமிருந்து வலமாக. ஒவ்வொரு பெயருக்கு நேரே ஒவ்வொரு பத்தியிலும் ஒரு நீள்வட்டம். வாக்காளர் பத்திக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும். எல்லாப் பத்தியையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவருக்கு மட்டும் முதல் விருப்பம் போட்டுவிட்டு எழுந்து போகலாம், அது செல்லும் வாக்குதான்.

முதல் விருப்பங்களில் யாராவது பாதியைத் தாண்டினால் அதோடு முடிந்தது. அதே நாளில் முதல் தொகுதியில் செல்லி பிங்ரியும் செனட் தேர்தலில் ஆங்கஸ் கிங்கும் முதல் எண்ணிக்கையிலேயே பாதியைக் கடந்துவிட்டதால் அவர்களுடைய இரண்டாம் விருப்பங்களை யாரும் சீண்டவில்லை. யாரும் தாண்டாவிட்டால் கடைசியில் இருப்பவர் வெளியேற்றப்படுவார். அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பம் யாரோ அவர் கணக்கில் அவை சேரும். கடைசியில் இருக்கும் சிலரால் இனி மேலே வர முடியாது என்று கணக்கே சொல்லிவிட்டால் பலரை ஒரே மூச்சில் வெளியேற்றவும் சட்டம் இடம் தருகிறது. பாண்ட், ஹோர் இருவர் வாக்கையும் கூட்டினாலும் 23,427தான்; இரண்டாமிடத்தில் இருந்த கோல்டனின் 1,32,013-ஐ அது எட்டாது. ஆகவே இருவரும் சேர்ந்தே வெளியேற்றப்பட்டார்கள். மொத்தமே இரண்டு சுற்று.

எங்கே பிசகும் என்று பார்த்தால், வழக்கமான தவறுகள் நான்கு. ஒரே பத்தியில் இரண்டு பேருக்கு நிரப்புவது: எண்ணிக்கை அந்த இடத்துக்கு வந்ததும் சீட்டு நின்றுவிடும், அதற்கு மேல் யாருக்கும் போகாது. ஒரு பத்தியை வெறுமையாக விடுவது: இதனால் கேடில்லை, அடுத்த பத்திக்குத் தாவி எண்ணுவார்கள். அடுத்தடுத்து இரண்டு பத்திகளை விடுவது: சீட்டு அங்கேயே தீர்ந்தது. நான்காவது கொஞ்சம் வேடிக்கையானது. தன் ஆள்மேல் உள்ள பற்றில் எல்லாப் பத்தியிலும் அவர் பெயரையே நிரப்புவது. அது ஒரே ஒரு தடவைதான் எண்ணப்படும். அந்த வேட்பாளர் வெளியேறிவிட்டால் அந்தச் சீட்டும் அவரோடு வெளியேறும். பலம் கூடும் என்று நினைத்துச் செய்கிறார்கள், கூடாது. அடுத்த விருப்பம் எழுதுவதால் முதல் விருப்பத்துக்கு எந்தப் பங்கமும் இல்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் சிலர் நம்புவதில்லை.

ஒன்பது நாள் ஏன்?

மேய்னில் தேர்தலை நடத்துவது ஊராட்சிகள். மாவட்டத்துக்கு அதில் பெரிய வேலை கிடையாது. ஊர் எழுத்தர்தான் எல்லாம். சற்றுப் பெரிய ஊர்களில் சீட்டை ஸ்கேன் செய்யும் எந்திரம் உண்டு. சில நூறு வாக்காளர் மட்டுமே உள்ள ஊர்களில் இன்னும் கையால்தான் எண்ணுகிறார்கள்.

சாதாரணத் தேர்தலில் இது போதும். ஒவ்வொரு ஊரும் தன் எண்ணிக்கையைச் சொன்னால் கூட்டி முடித்துவிடலாம். விருப்பு வரிசையில் அப்படிக் கூட்ட வழியில்லை. யார் வெளியேறுகிறார் என்பது தொகுதி முழுவதையும் எண்ணிய பிறகே தெரியும். அது தெரியும்வரை எந்தச் சீட்டின் இரண்டாம் விருப்பத்தைப் பார்ப்பது என்று ஊர் எழுத்தருக்குத் தெரியாது. எனவே ஊர்கள் முதல் விருப்பத்தை மட்டும் எண்ணிச் சொல்லும். மீதிக்கு ஒவ்வொரு சீட்டின் முழு வரிசையும் ஓரிடத்துக்கு வந்தாக வேண்டும். அந்த இடம் தலைநகர் அகஸ்டா. கனடா எல்லையில் இருக்கும் ஃபோர்ட் கென்ட் போன்ற ஊர்களிலிருந்து அகஸ்டாவுக்குச் சாலை வழியே சுமார் 400 கிலோமீட்டர். நவம்பரில் அங்கே பனி தொடங்கிவிடும்.

எந்திரம் உள்ள ஊர்களிலிருந்து சீட்டு விவரம் பதிவான மெமரி ஸ்டிக்குகள் வந்தன. கையால் எண்ணிய ஊர்களிலிருந்து முத்திரையிட்ட பெட்டிகளில் சீட்டுகளே வந்தன; அவற்றை அகஸ்டாவில் வேக ஸ்கேனரில் ஓட்டினார்கள். எந்திரத்துக்குப் புரியாத சீட்டுகளை ஆட்கள் பார்த்தார்கள். தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர் மேத்யூ டன்லப்பின் அலுவலகம் இந்த வேலையை நவம்பர் 9 அன்று தொடங்கியது. நாள் முழுவதும் போனது பெட்டி திறப்பதிலும் ஊர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதிலும்தான். கடைசியில் சுற்றுகளைக் கணக்கிடும் வேலை கணினிக்குச் சில நிமிடம். தாமதத்துக்கு வாக்கு முறையைத் திட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை: தாமதத்தின் பெரும்பகுதி போக்குவரத்தும் சரிபார்ப்பும்தான்.

23,427 சீட்டுகள் எங்கே போயின?

முடிவைத் தீர்மானித்தது இந்தச் சின்னக் குவியல். பாண்ட், ஹோர் இருவருக்கும் முதல் விருப்பம் தந்த 23,427 சீட்டுகளில் 10,427 கோல்டனுக்குப் போயின. பொலிக்வினுக்கு 4,747. மிச்சம் 8,253 சீட்டுகள் யாருக்கும் போகவில்லை, வரிசை தீர்ந்துவிட்டது. முதல் விருப்பத்தோடு நிறுத்தியவர்களும், பாண்ட், ஹோர் இருவரை மட்டும் முன்னும் பின்னுமாக எழுதியவர்களும், மேலே சொன்ன தவறுகளைச் செய்தவர்களும் இதில் அடக்கம்.

பொலிக்வினின் 1,34,184 சீட்டுகளிலும் கோல்டனின் 1,32,013 சீட்டுகளிலும் இரண்டாம் விருப்பம் ஒன்றுகூடப் பார்க்கப்படவில்லை. பார்க்கத் தேவையில்லை, அவர்கள் இருவரும் களத்தில் இருக்கிறார்கள். 'சிலருக்கு இரண்டு ஓட்டு, எங்களுக்கு ஒரு ஓட்டா' என்ற குற்றச்சாட்டு இங்கேதான் பிறக்கிறது. பதில் எளிது. இரண்டாம் சுற்றிலும் எல்லாச் சீட்டும் எண்ணப்பட்டது. பொலிக்வினின் ஆதரவாளர் சீட்டு இரண்டாம் சுற்றிலும் பொலிக்வினுக்கே விழுந்தது. பாண்டின் ஆதரவாளர் சீட்டு வேறொருவருக்கு விழுந்தது. ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒன்றுதான். ஜார்ஜியா மாநிலத்தில் சில வாரம் கழித்து மக்களை மறுபடி வரிசையில் நிறுத்தி நடத்தும் இரண்டாம் கட்டத் தேர்தலில் நடப்பதும் இதுவேதான்.

இப்போது மறுபக்கம். கோல்டனுக்கு 50.6 சதவீதம் என்று பதிவாகியிருக்கிறது. எதில் 50.6? இரண்டாம் சுற்றில் உயிரோடு இருந்த 2,81,371 சீட்டுகளில். முதல் சுற்றில் செல்லுபடியான 2,89,624 சீட்டுகளை அடியில் வைத்து வகுத்தால் 49.2 சதவீதம்தான் வரும். தீர்ந்துபோன சீட்டுகள் 8,253. வெற்றி வித்தியாசமோ 3,509. வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான சீட்டுகள் இறுதிச் சுற்றில் பேசவே இல்லை. 'பெரும்பான்மை' என்று மார்தட்டுபவர்கள் இந்த வகுத்தலைச் செய்து காட்டுவது அரிது.

அதற்காக முடிவு சந்தேகத்துக்குரியது என்று தாவிவிடக் கூடாது. அந்த 8,253 பேரும் கட்டாயமாக இருவரில் ஒருவரை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொலிக்வின் வெல்ல அவற்றில் குறைந்தது 5,882 அவருக்கு வந்திருக்க வேண்டும். அதாவது 71 சதவீதம். உண்மையில் இடம் மாறிய 15,174 சீட்டுகளில் அவருக்கு வந்தது 31 சதவீதம். எழுதாமல் விட்டவர்கள் எழுதியவர்களிலிருந்து அவ்வளவு தலைகீழாக வேறுபட்டிருப்பார்கள் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இதன் அளவைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த ஒரு தேர்தலோடு ஒப்பிடலாம். இலங்கையில் 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில்தான் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டது. அங்கே முதல் இருவரைத் தவிர எல்லோரும் ஒரேயடியாக விலக்கப்பட்டார்கள். அனுர குமார திசாநாயக்கவுக்கு 1,05,264, சஜித் பிரேமதாசவுக்கு 1,67,867 விருப்பு வாக்குகள் கூடுதலாகச் சேர்ந்தன. விலக்கப்பட்டவர்களின் 33 லட்சத்துச் சொச்ச வாக்குகளில் இது எட்டு சதவீதம்தான். மேய்னில் 65 சதவீதம். சட்டத்தில் இரண்டாம் விருப்பம் இருந்தாலும் மக்கள் அதைப் பயன்படுத்துவது வாக்காளர் கல்வியையும், கட்சிகள் மேடையில் என்ன சொல்கின்றன என்பதையும் பொறுத்தது. 'எங்களுக்கு மட்டும் ஒன்று போடுங்கள், மற்றதை விடுங்கள்' என்று தலைவர்கள் சொல்லிவிட்டால் சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஒரே நாளில் இரண்டு விதிகள்

அன்று மேய்ன் வாக்காளர் காங்கிரஸுக்கு வரிசை எழுதினார். ஆளுநருக்கு ஒரே ஒரு ஓட்டுப் போட்டார். இந்த அரைகுறை ஏற்பாட்டுக்குப் பின்னால் இரண்டாண்டுச் சட்டச் சண்டை இருக்கிறது.

2010-ல் குடியரசுக் கட்சியின் பால் லெபேஜ் 37.6 சதவீத வாக்கோடு ஆளுநரானார். எதிர்வாக்கு சுயேச்சைக்கும் ஜனநாயகக் கட்சிக்குமாகப் பிரிந்துபோனது. சுயேச்சைகள் செல்வாக்கோடு இருக்கும் மாநிலம் என்பதால் அங்கே இது அடிக்கடி நடப்பதுதான். பொலிக்வினும் 2014-ல் முதலில் வென்றபோது பாதி வாக்கைப் பெறவில்லை. ஆனால் லெபேஜின் அதிரடிப் பேச்சு பலரைக் கையெழுத்து திரட்ட வைத்தது. 2016 நவம்பரில் பொதுவாக்கெடுப்பில் 52 சதவீதம் பேர் விருப்பு வரிசை முறைக்கு ஒப்புதல் தந்தார்கள்.

2017 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் ஏகமனதாக ஓர் ஆலோசனைக் கருத்தைச் சொன்னது. ஆளுநரும் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களும் 'அதிக வாக்கு' பெற்றால் தேர்வாவார்கள் என்று மாநில அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. அதை மாற்றாமல் பொதுத்தேர்தலில் இந்த முறை அந்தப் பதவிகளுக்குப் பொருந்தாது. சட்டமன்றம் இதைச் சாக்காக வைத்து மொத்தச் சட்டத்தையும் 2021 வரை தள்ளிப்போட்டது. அதற்குள் அரசியலமைப்பு திருத்தப்படாவிட்டால் சட்டம் தானாகவே ரத்து. மறுபடி கையெழுத்து வேட்டை. 2018 ஜூன் 12 அன்று சுமார் 54 சதவீதம் பேர் அந்தத் தள்ளிப்போடலை ரத்து செய்தார்கள். அதே நாளில், அதே முறையில், கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்தேர்தலும் நடந்தது.

மிஞ்சியது இது: உள்தேர்தல்களைப் பற்றியும் காங்கிரஸ் தேர்தலைப் பற்றியும் மாநில அரசியலமைப்பில் அந்தச் சொல் இல்லை, எனவே அங்கெல்லாம் விருப்பு வரிசை. நவம்பரில் ஆளுநருக்கும் மாநிலச் சட்டமன்றத்துக்கும் பழைய முறை. எந்தப் பதவியை மனதில் வைத்து மக்கள் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்களோ அந்தப் பதவிக்கான பொதுத்தேர்தலுக்கே அது செல்லாது.

வழக்கும் மறு எண்ணிக்கையும்

முடிவு வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே பொலிக்வின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். காங்கிரஸ் தேர்தலில் அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்பது அமெரிக்க அரசியலமைப்பின் உட்கிடை. சிலர் வாக்கு மட்டும் மறுபடி எண்ணப்படுவது சமத்துவத்துக்கு விரோதம். இவை அவர் தரப்பு வாதங்கள். டிரம்ப் நியமித்த நீதிபதி லான்ஸ் வாக்கர் முதலில் எண்ணிக்கையை நிறுத்த மறுத்தார், டிசம்பர் 13 அன்று வழக்கையே தள்ளினார். தேர்தலை எப்படி நடத்துவது என்பதில் மாநிலங்களுக்கு அகலமான அதிகாரத்தை அரசியலமைப்பு தந்திருக்கிறது. இந்த முறை நல்லதா கெட்டதா என்பது நீதிமன்றம் தீர்க்கும் விஷயமல்ல என்பது அவர் தீர்ப்பின் சாரம். இதில் நியமித்த கட்சியைப் பார்த்துத் தீர்ப்பை ஊகித்தவர்கள் ஏமாந்தார்கள்.

இடையில் டிசம்பர் 6 அன்று மறு எண்ணிக்கை தொடங்கியது. ஒரு வாரம் ஓடியும் கணக்கு அசையவில்லை. டிசம்பர் 14 அன்று பொலிக்வின் அதைக் கைவிட்டார், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மேல்முறையீட்டையும் விட்டார். பதவிக்காலம் முடியும் தறுவாயில் இருந்த ஆளுநர் லெபேஜ் சான்றிதழில் கையெழுத்திட்டார். பக்கத்திலேயே 'திருடப்பட்ட தேர்தல்' என்று தன் கையால் எழுதியும் வைத்தார். 37.6 சதவீதத்தில் ஆளுநரானவர் எழுதிய குறிப்பு அது. 2019 ஜனவரி 3 அன்று கோல்டன் பதவியேற்றார்.

உண்மையில் பொலிக்வினைக் கவிழ்த்தது முறை மட்டும் அல்ல. 2016-ல் டிரம்ப் பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வென்ற தொகுதியில் நடப்பு உறுப்பினர் 46.3 சதவீதத்தில் நின்றது அவருடைய சொந்தப் பலவீனம். ஒபாமா மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்க 2017-ல் அவர் வாக்களித்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் மாநில மக்கள் ஏழைகளுக்கான மெடிக்கெய்டை விரிவாக்க 59 சதவீத ஆதரவு தந்தார்கள். எதிரே நின்றவர் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றிய முன்னாள் கடற்படைக் காலாட்படை வீரர். சுயேச்சைகளின் ஆதரவாளர்களைத் தன் பக்கம் இழுக்க வேண்டிய கட்டாயம் இந்த முறையில் முன்னணி வேட்பாளருக்கு உண்டு. பொலிக்வின் இந்த முறையையே ஏற்காமல் சண்டையிட்டார். 4,747-க்கும் 10,427-க்கும் நடுவிலுள்ள இடைவெளியில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

2022-ல் கோல்டன், பொலிக்வின், பாண்ட் மூவரும் மறுபடி மோதினார்கள். இந்தத் தடவை கோல்டன் முதல் சுற்றிலேயே முன்னிலை, பாண்ட் வெளியேற்றப்பட்டபின் 53-க்கு 47. சண்டைக்கு வேலையில்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் அலாஸ்காவின் ஒற்றைத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தல்தான் இந்த முறையின் உண்மையான ஓட்டையைக் காட்டியது. ஜனநாயகக் கட்சியின் மேரி பெல்டோலா, குடியரசுக் கட்சியின் சாரா பேலின், நிக் பெகிச் என மூவர். பெகிச் மூன்றாமிடம் வந்து வெளியேறினார், இறுதியில் பெல்டோலா பேலினை வென்றார். ஆனால் எல்லாச் சீட்டுகளின் பதிவையும் பிறகு ஆராய்ந்தபோது, பெகிச் தனித்தனியாக மோதியிருந்தால் இருவரையுமே வென்றிருப்பார் என்று தெரிந்தது. பலருக்கு இரண்டாம் விருப்பமாகவும் சிலருக்கே முதல் விருப்பமாகவும் இருக்கும் நடுநிலை வேட்பாளரை இந்த முறை முதலிலேயே தள்ளிவிடக்கூடும். மேய்ன் 2018-ல் அந்தச் சிக்கல் எழவில்லை. அங்கே மூன்றாமிடத்துக்கு வந்தவருக்கு ஆறு சதவீதம்கூட இல்லை. விருப்பு வரிசையைக் குறை சொல்ல விரும்புபவர்கள் மேய்னை விட்டுவிட்டு அலாஸ்காவை எடுத்துக்கொண்டால் வாதம் வலுவாக இருக்கும்.

2024-ல் மேய்ன் இரண்டாம் தொகுதி புதிதாக ஒரு விநோதத்தைக் காட்டியது. அச்சிட்ட பெயர்கள் இரண்டுதான்: கோல்டன், குடியரசுக் கட்சியின் ஆஸ்டின் தெரியோ. தவிர, வாக்காளர் தாமே பெயர் எழுதிச் சேர்க்கக்கூடிய வேட்பாளர் ஒருவர். இருவர் போட்டியில் விருப்பு வரிசைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். முதல் பத்தியை வெறுமையாக விட்டிருந்த சீட்டுகள் மட்டும் 12,000-க்கு மேல். ஒரு பத்தி விட்டுப்போனால் அடுத்ததைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம்; இரண்டு முன்னணி வேட்பாளருக்கும் நடுவே இருந்த இடைவெளியோ அதைவிட மிகக் குறைவு. ஆகவே பெட்டிகள் மறுபடி அகஸ்டாவுக்குப் பயணப்பட்டன, மறு எண்ணிக்கையும் தொடங்கியது, கோல்டன் சுமார் 2,700 வாக்கில் தேறினார். 2025 நவம்பரில், அடுத்த தடவை நிற்கப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். அந்த இடத்துக்குப் போட்டியிடுவதாக அதே ஆண்டு மே மாதமே சொல்லியிருந்தவர் பால் லெபேஜ். இந்தத் தடவை அவர் பெயருக்கு நேரேயும் ஒன்றுக்கு மேற்பட்ட நீள்வட்டங்கள் இருக்கும்.